வாசல் வரை

பர்லியாரில் மண் சரிந்தது ஞாயிறு ராத்திரி.
கோத்தகிரி வழியில் மரம்.
கோயம்புத்தூர் டாக்டர் குறித்துக் கொடுத்த நேரம்
திங்கள் காலை பத்து.
சனிக்கிழமை இரவு போட்ட ஊசி
மலைப்பாதையைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்?
முட்டை இறங்கிவிடும்.
நாங்கள்தான் இறங்க முடியாது.

ஏழு மணிக்கே தவராசா
பிலோமி சிஸ்டரைக் கூட்டிவந்தான்.
எஸ்டேட் ஆஸ்பத்திரியில்
இருபத்தொன்பது வருஷம் பிள்ளை எடுத்தவர்.
"எடுத்துத்தான் பழக்கம், வச்சுப் பழக்கமில்ல"
என்று சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"கருப்பைக்குள்ள விடணும்னா
கழுவித்தான் விடணும்.
கழுவாம விட்டா வலி புரட்டி எடுத்துடும்.
இங்க ஏது அந்த மெஷின்?
வாசல் வரைக்கும் நான் கொண்டு விடுறேன்.
அதுக்கு மேல அதுங்க பாடு."

கழுவ மெஷின் இல்லை.
கேத்தி பாலாடா முழுக்க மெஷின்தான்,
இரும்பு உருளைக்குள் உருண்டு உருண்டு
டன் டன்னாய் வெளியே வரும் கேரட்.
தவராசாவுக்கு அதில்தான் வேலை.
கழுவிக் கழுவி
உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியவனுக்கு
இதைக் கழுவ வழியில்லை.

தொண்ணூறு லட்சம்தான், ரொம்பக் கம்மி
என்று போன மாசம் சொன்னார் டாக்டர்.
பஸ்ஸில் பத்தாவது வளைவு வரை பேசாமல் வந்தவன்
கேட்டான்:
"தொண்ணூறு லட்சம் கம்மியா?
நமக்கு ஒண்ணுதானே வேணும்?"

ஒரே அறை வீடு. அறையை அவனுக்கு விட்டு
நானும் சிஸ்டரும் தகரத்தடியில் நின்றோம்.
மழைச் சாரல் முழங்கால் வரை.
பக்கத்து வீட்டு மரகதவல்லி எட்டிப் பார்த்து
என்ன சிஸ்டர் இந்நேரம் என்றாள்.
"பிரஷர் பாக்க வந்தேன்."
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை,
எனக்கும் ஏறித்தான் இருந்தது.

கதவு திறந்தது.
டப்பாவை ஸ்வெட்டருக்குள், அக்குளில் இடுக்கி
கோழிக்குஞ்சு பிடித்தவன் மாதிரி நின்றான்,
எங்களைப் பார்க்காமல்.

இட்லிப் பானையில் கொதித்து ஆறிய கருவியைத்
தன் முழங்கையில் வைத்துப் பார்த்தார் சிஸ்டர்.
இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்றார்.
கிளினிக்கில் அது எப்போதும் பனிக்கட்டி.
யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.
கிளினிக்கில் அவன் எப்போதும்
டோக்கனோடு வெளியே.

கரண்ட் இல்லை. செல்போன் டார்ச்சை
அவன்தான் பிடிக்க வேண்டியிருந்தது.
"சுவத்த ஏம்ப்பா பாக்குற,
சுவத்துக்கா விடப்போறேன்?"
வெளிச்சம் நடுங்கித் திரும்பியது.
மூச்சை விடும்மா என்றார்.
பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.
சின்னக் குழாய், ஊசியில்லாத சிரிஞ்ச்.
மையைத் தொட்டுப் பொட்டு வைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை.
"இதனால ஒண்ணும் ஆகாது,
ஆனா உனக்கு மனசு கேக்காது, படு."
அரிசி டின் மேல் உட்கார்ந்து
வரக்காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.
ஜேசிபி வந்துடுச்சாம், மத்தியானத்துக்குள்ள
பாதை விட்டுருவாங்களாம் என்றார்
யாரோ அனுப்பியதைப் படித்து.

காசு வாங்கிக்கொண்டார், எண்ணிப் பார்த்து.
முயலுக்கு வேணும் என்று
தழையோடு ஒரு கட்டு கேரட்டும் கேட்டார்.
செருப்பை மாட்டியபடி, குனிந்தவாக்கில்:
"நாள் தள்ளிப்போச்சுன்னா வந்து சொல்லு.
தள்ளலன்னாலும் வந்து சொல்லு.
அதச் சொல்ல ஒருத்தரும் வர்றதில்ல."

அன்று மெஷின் எதுவும் ஓடவில்லை.
லாரி இறங்காதபோது எதற்குக் கழுவுவது?
இவ்வளவு அமைதியாக இந்த ஊரை
நான் கேட்டதே இல்லை.

தவராசா வந்து பக்கத்தில் படுத்தான்.
நான் கால்களைச் சுவரில் ஏற்றியிருந்ததைப் பார்த்துத்
தானும் ஏற்றினான்.
உனக்கெதுக்கு என்றேன்.
இருக்கட்டும் என்றான்.
அவன் பாதத்துச் செம்மண்
போன தீபாவளிக்கு அடித்த சுண்ணாம்பில் ஒட்டியது.

மூன்று மணிவாக்கில்
கியரை மாற்றி மாற்றி
ஒரு லாரி இறங்கும் சத்தம்.
பாதை விட்டுவிட்டார்கள் போல.
நாங்கள் எழவில்லை.